ஒளியை இரண்டாகப் பிரித்தவர்

பெர்லின் நகரம் உறங்கிக்கொண்டிருந்தது. நள்ளிரவு மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் மட்டும் விளக்கு அணையவில்லை. அங்கே ஒரு வாலிபர், சிறிய தொலைநோக்கிக் குழாய் ஒன்றில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்க்குள் கறுப்பும் வெளிச்சமுமாகச் சில கோடுகள் தெரிந்தன.

தெருவில் ஒரு வண்டி போனால் போதும். கோடுகள் நடுங்கும், கலைந்து மறையும். வண்டி போன பிறகு மறுபடி தெரியும். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும்!

பகலில் வேலை செய்யவே முடியவில்லை. இரவிலும் நிம்மதி இல்லை. அந்த வாலிபர் கருவியைக் கட்டி எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊரான போட்ஸ்டாமுக்குப் போனார். அங்கே வான ஆராய்ச்சி நிலையத்தின் நிலவறையில் கருவியை வைத்தார்.

அங்கும் அதே தொல்லை. நூறு மீட்டர் தள்ளி யாராவது காலால் தரையை ஓங்கி மிதித்தால்கூடக் கோடுகள் மறைந்தன!

அந்த வாலிபரின் பெயர் ஆல்பர்ட் ஆப்ரகாம் மைக்கல்சன். அப்போது அவருக்கு வயது 28. ஆண்டு 1881.

நடுக்கம்தான் அவருடைய பெரிய எதிரி. வாழ்நாள் முழுவதும் அதோடு போராடினார்.

134 ஆண்டுகள் கழித்து, அவர் செய்த கருவியின் வாரிசு ஒன்று, ஒரு நடுக்கத்தைப் பிடித்தது. அது தெரு வண்டியின் நடுக்கம் அல்ல. 130 கோடி ஆண்டுகளாக வானவெளியில் பயணம் செய்து வந்த நடுக்கம்! உலகமே வியந்தது.

அதைக் காண மைக்கல்சன் உயிரோடு இல்லை. தாம் செய்த மிகப் பெரிய சோதனை தோற்றுவிட்டது என்ற மனக்குறையோடுதான் அவர் மறைந்தார்.

அவருடைய கதை இது.

கடைக்காரர் மகன்

மைக்கல்சன் 1852-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் ஸ்டிரெல்னோ. அப்போது அது பிரஷ்யா நாட்டில் இருந்தது. இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.

பிள்ளைக்கு மூன்று வயது நிறையுமுன் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று உலகமெங்கும் இருந்து ஆட்கள் ஓடிய காலம் அது. தகப்பனார் சாமுவேல் தங்கம் தோண்டப் போகவில்லை. தங்கம் தோண்டுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்தார். பிறகு நெவாடாவில் வெள்ளிச் சுரங்க ஊரான வர்ஜீனியா சிட்டிக்குக் குடிபோனார்கள்.

ஆல்பர்ட், படிப்புக்காக சான்பிரான்சிஸ்கோ நகருக்கு அனுப்பப்பட்டான். பையனுடைய கைத்திறமையைத் தலைமை ஆசிரியர் கண்டுகொண்டார். பள்ளியில் இருந்த விஞ்ஞானக் கருவிகளைத் துடைத்துச் சரிபார்க்கும் வேலையை அவனிடம் கொடுத்தார். சம்பளம் மாதம் 3 டாலர்.

கருவிகளோடு அவனுக்கு ஏற்பட்ட முதல் உறவு அதுதான்.

பதினோராவது இடம்

வீட்டில் பிள்ளைகள் அதிகம். கல்லூரிக்கு அனுப்ப வசதி இல்லை. கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தால் செலவு இல்லாமல் படிக்கலாம்.

1869-ல் அதற்கான போட்டித் தேர்வை ஆல்பர்ட் எழுதினான். முதல் இடத்தில் வந்தான். ஆனால் இன்னொரு பையனும் அதே மதிப்பெண் பெற்றிருந்தான். இடம் அந்தப் பையனுக்குப் போய்விட்டது.

மற்றவர்களாக இருந்தால் அழுதுவிட்டு வேறு வேலை தேடியிருப்பார்கள். ஆல்பர்ட் அப்படிச் செய்யவில்லை. ஜனாதிபதியையே நேரில் பார்ப்பது என்று முடிவு செய்தான்!

அமெரிக்காவின் மேற்குக் கரையையும் கிழக்குப் பகுதியையும் இணைக்கும் ரெயில் பாதை அந்த ஆண்டுதான் முடிந்திருந்தது. 16 வயதுப் பையன் தன்னந்தனியாக ரெயில் ஏறி, வாஷிங்டன் போய்ச் சேர்ந்தான். ஜனாதிபதி கிராண்டைச் சந்தித்தான்.

ஜனாதிபதிக்கு என்று தனியாக 10 இடங்கள் உண்டு. அந்தப் பத்தும் நிரம்பிவிட்டன என்று கிராண்ட் சொன்னார். ஆனாலும் பையன் விடவில்லை. கடைசியில், சட்டத்தில் இல்லாத பதினோராவது இடம் ஒன்றை ஜனாதிபதி அவனுக்குக் கொடுத்தார்.

தம்முடைய விஞ்ஞான வாழ்க்கையே சட்ட விரோதமான காரியத்தில்தான் தொடங்கியது என்று, பிற்காலத்தில் மைக்கல்சன் சிரித்துக்கொண்டே சொல்வது உண்டு.

1873-ல் படிப்பு முடிந்தது. ஒளியைப் பற்றிய பாடத்தில் அவர் முதல் மாணவர். கப்பல் ஓட்டும் பாடத்திலோ கடைசி வரிசை!

ஒளியின் வேகம்

சில ஆண்டுகள் கப்பலில் இருந்துவிட்டு, அதே கடற்படைக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். மாணவர்களுக்கு ஒளியின் வேகத்தை அளந்து காட்ட வேண்டியிருந்தது. பழைய முறையைவிட நன்றாக அளக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

சுமார் 2,000 அடி இடைவெளியில் இரண்டு கண்ணாடிகள். ஒன்று வேகமாகச் சுழலும். அதில் பட்ட ஒளி, தூரத்துக் கண்ணாடிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள், சுழலும் கண்ணாடி சிறிது திரும்பியிருக்கும். எவ்வளவு திரும்பியது என்று பார்த்தால் ஒளியின் வேகம் தெரிந்துவிடும்.

மைக்கல்சனின் மாமனார் பணக்காரர். அவர் 2,000 டாலர் கொடுத்து உதவினார். 1879-ல் கணக்கு முடிந்தது. ஒளி ஒரு விநாடியில் 2 லட்சத்து 99 ஆயிரத்து 910 கிலோ மீட்டர் ஓடுகிறது என்று கண்டார். இன்று நாம் அறிந்த அளவுக்கு இது மிகவும் நெருக்கம். வித்தியாசம் 118 கிலோ மீட்டர்தான்.

இளைஞர் மைக்கல்சனின் பெயர் பத்திரிகைகளில் வந்தது.

இல்லாத காற்று

அக்காலத்து விஞ்ஞானிகள் ஒரு விஷயத்தை உறுதியாக நம்பினார்கள்.

ஒலி பரவக் காற்று வேண்டும். அலை ஓடத் தண்ணீர் வேண்டும். ஒளியும் ஓர் அலைதான். அப்படியானால் அது ஓடவும் ஏதாவது ஒரு பொருள் வேண்டுமே? வானவெளி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் நிறைந்திருக்கிறது என்றார்கள். அதற்கு ஈதர் என்று பெயர் வைத்தார்கள்.

பூமி, சூரியனை விநாடிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. சைக்கிளில் வேகமாகப் போனால் முகத்தில் காற்று அடிக்கிறது அல்லவா? அதுபோலப் பூமியின் மேல் ஈதர் காற்று அடிக்க வேண்டும். அந்தக் காற்றைக் கண்டுபிடிக்க மைக்கல்சன் ஆசைப்பட்டார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தம் குழந்தைகளுக்கு அவர் சொன்ன விளக்கம், ஆற்றில் நடக்கும் நீச்சல் போட்டி.

சம பலமுள்ள இரண்டு பேர். இருவரும் நிமிடத்துக்கு 50 அடி நீந்துவார்கள். ஆறு நிமிடத்துக்கு 30 அடி வேகத்தில் ஓடுகிறது. ஒருவர் ஆற்றின் போக்கில் 400 அடி போய், எதிர் நீச்சலில் திரும்ப வேண்டும். மற்றவர் 400 அடி அகலமுள்ள ஆற்றைக் குறுக்கே கடந்து திரும்ப வேண்டும்.

போக்கில் போகிறவருக்கு 5 நிமிடம் போதும். ஆனால் எதிர் நீச்சலில் திரும்ப 20 நிமிடம் ஆகும். மொத்தம் 25 நிமிடம். குறுக்கே போகிறவருக்குப் போக 10, வர 10, மொத்தம் 20 நிமிடம்தான். ஆக, யார் முந்தி வருகிறார் என்று பார்த்தாலே ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்!

நீச்சல்காரர்களுக்குப் பதிலாக மைக்கல்சன் ஒளியை ஓட விட்டார்.

கருவி பிறந்தது

லேசாக வெள்ளி பூசிய கண்ணாடி ஒன்று. அதன்மேல் பட்ட ஒளியில் பாதி நேராகப் போகும். பாதி பக்கவாட்டில் திரும்பும். இரண்டும் தனித்தனி வழியில் போய், கோடியில் உள்ள கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, ஒன்றாகச் சேரும்.

ஓர் அலையின் மேடு மற்றதன் மேட்டோடு சேர்ந்தால் வெளிச்சம். மேடும் பள்ளமும் சேர்ந்தால் இருட்டு. இப்படித்தான் குழாய்க்குள் அந்தக் கோடுகள் தெரிந்தன. ஒரு வழியில் போன ஒளி இம்மியளவு பிந்தினாலும் கோடுகள் நகர்ந்துவிடும். ஒளி அலையின் நீளம், ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் சிறு பின்னத்தை அளக்கும் கருவி அது!

விஞ்ஞானிகள் இதை இன்டர்பெராமீட்டர் என்கிறார்கள். முதல் கருவியைச் செய்யப் பண உதவி செய்தவர், டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்.

போட்ஸ்டாமில் கருவியை வைத்துப் பார்த்தார் மைக்கல்சன். கோடுகள் எதிர்பார்த்தபடி நகரவில்லை. ஈதர் காற்றைக் காணோம்! கணக்கிலும் ஒரு பிழை இருப்பதைப் பிறர் எடுத்துக் காட்டினார்கள்.

மறுபடியும் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார்.

மிதக்கும் கல்

கடற்படை வேலையை விட்டு, கிளீவ்லண்டு நகரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். பக்கத்துக் கல்லூரியில் மார்லி என்ற ரசாயன ஆசிரியர் இருந்தார். இருவரும் கூட்டாக வேலை தொடங்கினார்கள்.

சோதனைமேல் சோதனை வந்தது. 1885-ல் ஓயாத உழைப்பால் மைக்கல்சனின் மனநலம் கெட்டது. சில மாதங்கள் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். மறு ஆண்டு கல்லூரிக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. இருக்கிற சாமானை எடுத்துக்கொண்டு மார்லியின் இடத்துக்குப் போனார்.

பழைய எதிரியான நடுக்கத்தை ஒழிக்க இப்போது ஒரு வழி கண்டார்கள். ஒன்றரை மீட்டர் சதுரத்தில் பெரிய பாறைக் கல். அந்தக் கல்லைப் பாதரசத் தொட்டியில் மிதக்க விட்டார்கள்! கருவி முழுவதும் கல்லின் மேல் இருந்தது. ஒளியைக் கண்ணாடிகளுக்கிடையே பல தடவை போய்வரச் செய்து, 11 மீட்டர் ஓட வைத்தார்கள்.

லேசாகத் தள்ளிவிட்டால் கல் மெல்லச் சுழலும். ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம். மைக்கல்சன் கல்லைத் தொடாமல், குழாயில் கண்ணை வைத்தபடியே அதோடு சுற்றிச் சுற்றி நடந்தார். அவர் சொல்லச் சொல்ல, அளவு எழுதப்பட்டது.

1887-ம் ஆண்டு ஜூலை மாதம் முடிவு தெரிந்தது.

எதிர்பார்த்த நகர்வில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஒளி எந்தத் திசையில் போனாலும் ஒரே நேரத்தில் திரும்பியது. நீச்சல்காரர் இருவரும் சமமாக வந்து நின்றார்கள்.

மைக்கல்சன் மனம் ஒடிந்தார். சோதனை தோல்வி என்றே நினைத்தார்.

ஈதர் என்று ஒன்று தேவையே இல்லை, ஒளியின் வேகம் எல்லாருக்கும் எத்திசையிலும் ஒன்றே என்று, 1905-ல் ஓர் இளைஞர் எழுதினார். அவர் ஐன்ஸ்டீன். அதன் பிறகுதான் மைக்கல்சனின் தோல்வியில் எவ்வளவு பெரிய உண்மை இருந்தது என்பது உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் ஐன்ஸ்டீன் சொன்னதை மைக்கல்சனின் மனம் முழுவதும் ஏற்கவில்லை. அவருக்கு ஈதர் மேல் ஆசை போகவில்லை.

புகழும் பரிசும்

மனம் ஒடிந்தாலும் கை ஓயவில்லை. அதே கருவியை வேறு வேலைகளுக்குத் திருப்பினார்.

பாரிஸ் நகருக்கு அருகில் மீட்டர் அளவுகோல் ஒன்று உலகத்துக்கெல்லாம் பொதுவாக வைக்கப்பட்டிருந்தது. அது தொலைந்தால் என்ன செய்வது? 1893-ல் மைக்கல்சன் அதை ஒளி அலையால் அளந்துவிட்டார். காட்மியம் என்ற உலோகத்தின் சிவப்பு ஒளியில் 15 லட்சத்து 53 ஆயிரத்து 163 அலைகளுக்குச் சற்று அதிகம். அதுதான் ஒரு மீட்டர்!

1907-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்துக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே. நுட்பமான கருவிகளுக்காகவும் அளவைகளுக்காகவும் அந்தப் பரிசு கொடுக்கப்பட்டது. ஈதர் சோதனையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை!

1920-ல் திருவாதிரை நட்சத்திரத்தின் அகலத்தை அளக்க வழி செய்தார். சூரியனைத் தவிர ஒரு நட்சத்திரத்தின் அளவை மனிதன் கண்டது அதுவே முதல் தடவை.

ஓய்வு நேரத்தில் வயலின் வாசிப்பார். படம் வரைவார். டென்னிஸ் ஆடுவார். இத்தனை கஷ்டப்பட்டு ஏன் ஒளியை அளக்கிறீர்கள் என்று கேட்டால், அது வேடிக்கையாக இருக்கிறது என்பதே அவர் பதில்.

1931 ஜனவரியில் கலிபோர்னியாவுக்கு ஐன்ஸ்டீன் வந்தார். விருந்து ஒன்றில் எல்லாருக்கும் முன்பாக மைக்கல்சனைப் பாராட்டினார். ஈதர் பேச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று வீட்டார் ஐன்ஸ்டீனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்களாம்!

அப்போது மைக்கல்சன், ஒரு மைல் நீளக் குழாயில் காற்றை நீக்கிவிட்டு ஒளியின் வேகத்தை மறுபடி அளந்துகொண்டிருந்தார். உடல்நிலை கெட்டது. படுக்கையில் இருந்தபடியே கட்டுரையின் ஆரம்பத்தைச் சொல்லி எழுத வைத்தார். அது முடியவில்லை. 1931 மே 9-ந் தேதி, 78-வது வயதில் காலமானார்.

நான்கு கிலோ மீட்டர் கரங்கள்

கதை இத்தோடு முடியவில்லை.

1916-ல் ஐன்ஸ்டீன் ஒரு கணக்குப் போட்டிருந்தார். வானத்தில் பெரும் பாரமுள்ள பொருள்கள் ஒன்றையொன்று சுற்றினால், குளத்தில் கல் விழுந்ததுபோல வானவெளியே அலை அலையாக அசையும் என்றார். இதற்கு ஈர்ப்பு அலை என்று பெயர்.

அந்த அலை வரும்போது என்ன நடக்கும்? பிசைந்த மாவு உருண்டையை மேலே அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்குகிறது அல்லவா? அதுபோல இடம் ஒரு பக்கம் சுருங்கும். அதற்குக் குறுக்குப் பக்கம் நீளும். அடுத்த கணம் சுருங்கியது நீளும், நீண்டது சுருங்கும்.

ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு வழிகளை ஒப்பிட வேண்டும். மைக்கல்சன் கருவி செய்வது அதைத்தானே!

அமெரிக்காவில் ஹான்போர்டு, லிவிங்ஸ்டன் என்ற இரண்டு இடங்களில் அதே கருவியைப் பிரும்மாண்டமாகக் கட்டினார்கள். லைகோ என்பது அதன் பெயர். ஒவ்வொரு கரமும் 4 கிலோ மீட்டர். சாதாரண விளக்குக்குப் பதில் லேசர். பாதரசத்தில் மிதக்கும் கல்லுக்குப் பதில், கண்ணாடி இழைகளில் தொங்கும் 40 கிலோ கண்ணாடிகள். எல்லாம் அந்தப் பழைய எதிரியான நடுக்கத்தை விலக்கத்தான்.

திரும்பி வரும் இரண்டு ஒளிகளும் ஒன்றையொன்று அழித்து, வெளிவாசலில் இருட்டாக இருக்கும்படி அமைத்தார்கள். ஈர்ப்பு அலை கரங்களை நீட்டிச் சுருக்கினால், இருட்டில் வெளிச்சம் எட்டிப் பார்க்கும்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். இடமே நீண்டால் அதில் இருக்கும் ஒளி அலையும் நீளாதா? துணியும் அளவுகோலும் சேர்ந்து நீண்டால் எப்படி அளப்பது?

உள்ளே இருக்கும் ஒளி துளி நீளத்தான் செய்யும். ஆனால் அது அங்கே தங்குவதில்லை. கரத்துக்குள் சுமார் 300 தடவை போய்வந்தாலும், விநாடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் வெளியேறிவிடும். லேசரிலிருந்து புது ஒளி வந்துகொண்டே இருக்கும். அந்தப் புது ஒளிக்கு எத்திசையிலும் வேகம் ஒன்றே. ஆகையால் நீண்ட கரத்தில் ஓடியது பிந்தி வரும். சுருங்கிய கரத்தில் ஓடியது முந்தி வரும். அதுதான் கருவிக்குத் தெரிகிறது.

ஒளியின் வேகம் எத்திசையிலும் ஒன்றே என்பது உறுதியாகாவிட்டால், இந்தக் கணக்கு நிற்காது. முந்தியும் பிந்தியும் வந்ததற்குக் காரணம் ஈதர் காற்றா, ஈர்ப்பு அலையா என்று யார் சொல்ல முடியும்? அந்தச் சந்தேகத்தை முதலில் அசைத்தது எது? 1887-ல் மிதக்கும் கல்லின் மேல் நடந்த அந்தத் தோல்விதான்!

நடுக்கம் வந்தது

2015 செப்டம்பர் 14. லிவிங்ஸ்டனில் விடியற்காலை 4 மணி 50 நிமிடம். நம் நாட்டில் அப்போது பிற்பகல் 3 மணி 20 நிமிடம்.

லிவிங்ஸ்டன் கருவி அசைந்தது. விநாடியில் ஆயிரத்தில் 7 பங்கு கழித்து, 3,000 கிலோ மீட்டர் தள்ளியிருந்த ஹான்போர்டு கருவியும் அதேபோல் அசைந்தது. தெரு வண்டியாக இருந்தால் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி அசையுமா?

சூரியனைப்போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் எடையுள்ள இரண்டு கருந்துளைகள், 130 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதி ஒன்றானபோது எழுந்த அலை அது. இங்கே வந்து சேர்ந்தபோது 4 கிலோ மீட்டர் கரம் அசைந்த அளவு, அணுவின் உள்ளே இருக்கும் ஒரு புரோட்டானின் அகலத்தில் பல நூறில் ஒரு பங்கு! விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இதற்காக 2017-ல் வெய்ஸ், பாரிஷ், தார்ன் ஆகிய மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலும் மராட்டிய மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் இதேபோல் ஒரு கருவி அமைக்க, 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

மைக்கல்சன் தேடிய காற்று வானத்தில் இல்லை. இல்லாததை இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால், அன்றைக்கே புகழ் கிடைத்திருக்கும். அவர் ஆசைக்கு விரோதமான விடையைத்தான் கருவி கொடுத்தது. அதை ஒரு பின்னமும் மாற்றாமல் எழுதி வைத்தார்.

அந்த நேர்மையின் மேல்தான் 4 கிலோ மீட்டர் கரங்கள் நிற்கின்றன.